ஒல்லாந்தர் கப்பலுக்குக் கலப்பத்து

யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு வயதுப் பட்டதாரி ஒருவனின் கையில் ஒலிவாங்கியைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், அவன் அதைத் திருப்பித் தருவதற்குள் எங்காவது ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். என் விஷயத்தில் கெட்டுப்போனது முந்நூறு வருடத்துக் கப்பல். (இருநூற்றைம்பது என்று பின்னர் திருத்தினார்கள். மிச்ச ஐம்பதும் நான் மேடையில் கூட்டிச் சொன்னது.)

எண்பத்துநான்காம் ஆண்டு மாரியில், வடமராட்சிக் கரையிலே, நெல்லியடியிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் ஒரு மீனவ ஊரில், கடல் பெருகி வந்து மணலை வாரிக்கொண்டு போனது. மணல் போன இடத்தில் பழைய மரக்கப்பல் ஒன்றின் ஒரு பக்கம் மட்டும் சரிந்தபடி வெளியே தெரிந்தது. நாற்பதடி நீளம். பலகைகள், அவற்றை உள்ளிருந்து தாங்கும் வளைந்த விலா மரங்கள். அந்த விலா மரத்தை அங்கே வங்கு என்பார்கள். பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்த என்னைப் போய் அளந்து வரச் சொன்னார்கள். என்னைத் தெரிவு செய்ததற்குக் காரணம் திறமை என்று பல வருடம் நம்பியிருந்தேன். உண்மையில் எங்கள் துறையில் அப்போது ஒழுங்காக ஓடக்கூடிய சைக்கிள் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

நான் கோப்பாய்க்காரன். எங்கள் பரம்பரைக்குத் தெரிந்தது புகையிலை, வெங்காயம், துலாக்கிணறு. கடலுக்கும் எங்களுக்கும் இருந்த உறவு, வெள்ளி செவ்வாய் தவிர்ந்த நாட்களில் சட்டியில் கொதிக்கும் மீன்குழம்போடு முடிந்துவிடும். எனக்கு நீச்சல் தெரியாது. கிணற்றடியில்கூட வாளிக்குத் தள்ளி நின்று குளிக்கிற ஆள். அப்படிப்பட்ட நான், வல்லை வெளியின் எதிர்காற்றில் மூச்சு வாங்க வாங்கச் சைக்கிள் மிதித்துப் போய், தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய மனிதர்களுக்குக் கப்பலென்றால் என்ன என்று விளங்கப்படுத்தினேன்.

அந்த ஊரில் எனக்கு வாய்த்த துணை தவராசா. ஓடாவி. அதாவது வள்ளமும் கப்பலும் கட்டுகிற தச்சர். என்னைவிட இரண்டு வயதுதான் கூட. ஆனால் அவரது கைகளைப் பார்த்தால் இருபது வயது கூடச் சொல்லலாம். அந்த நாட்களில் கடலில் இறங்க அரசாங்கம் தடை போட்டிருந்தது. வள்ளங்கள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஓடாத வள்ளம் உடையாது. உடையாத வள்ளத்துக்கு ஓடாவி எதற்கு? ஆகவே தவராசா தினமும் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, நான் நாடாவால் அளப்பதைப் பார்ப்பார். சில நேரம் விரல்கள் தாமாகவே துடிக்கும்.

“சேர், உந்தப் பலகை காய்ஞ்சு வெடிக்குது. இடுக்கெல்லாம் விரியுது, பாத்தனீங்களோ?”

“ஓம், ஓம். அதையும் குறிச்சிருக்கிறன்,” என்பேன். குறிக்கவில்லை.

ஆறு மாதம் அளந்தேன். ஒவ்வொரு பலகையின் அகலம், ஒவ்வொரு வங்குக்கும் இடையிலான தூரம், ஆணித் துளைகள் எல்லாவற்றையும் பெரிய கடதாசியில் வரைந்தேன். அது ஒல்லாந்தர் கப்பல்தான் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். ஆதாரம் கேட்காதீர்கள். ஒல்லாந்தர் கப்பல் என்றால் பத்திரிகையில் என் படம் வரும், வேறு யாருடைய கப்பல் என்றாலும் வராது. அவ்வளவுதான் அன்று என் ஆராய்ச்சி முறை.

வைகாசியில் அந்த ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா. “பல்கலைக்கழகத்திலையிருந்து வந்திருக்கிறியள், ரெண்டு வார்த்தை கதையுங்கோ” என்றார்கள். இரண்டு வார்த்தையோடு நிறுத்த எனக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் முழங்கினேன். முடிவில் குரலை உயர்த்தி, கையை நீட்டி, கடலின் பக்கம் காட்டி,

“பெரியோர்களே, தாய்மார்களே! இன்றிலிருந்து அது ஒல்லாந்தரின் கப்பல் அன்று. உங்கள் கப்பல்! உங்கள் சொந்தக் கலத்தை எவ்வாறு பேணுவீர்களோ, அவ்வாறே அதனையும் பேணுங்கள்!” என்றேன்.

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. முன்வரிசையில் இருந்த தவராசா மட்டும் கைதட்டவில்லை. உத்தரவு கிடைத்த மனிதரைப்போல மெதுவாகத் தலையை ஆட்டினார். நான் அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆனி மாதம் எனக்குச் செங்கண்மாரி வந்தது. கண் மஞ்சள், நகம் மஞ்சள். அம்மா கீழ்க்காய்நெல்லி அரைத்து மூன்று வாரம் மோரோடு பருக்கினா. படுக்கையில் கிடக்கையில்தான் அந்தக் கடிதம் வந்தது. வெளிநாட்டில் பழைய மரக்கப்பல்களின் உடற்கட்டை ஆராய்ந்து பெயரெடுத்த பேராசிரியை ஒருவர் கொழும்பில் இருந்தார். அவர் பிறந்த ஊர் பண்டத்தரிப்பு. அரசாங்கத்துக்கும் இயக்கங்களுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலமாதலால் பாதைகள் கொஞ்சம் திறந்திருந்தன. அந்த இடைவெளியில் வந்து கப்பலைப் பார்க்கிறேன் என்று என் கடிதத்துக்குப் பதில் எழுதியிருந்தார். பார்த்து, ஆராயத் தகுந்தது என்று அவர் எழுதிக் கொடுத்தால், இரண்டு வருட ஆய்வுத் திட்டம், அதிலே எனக்கு ஒரு வேலை. இல்லையென்றால், என் தற்காலிகப் பதவி அந்த மாதக் கடைசியோடு சரி. அதற்கப்பால் அப்பாவின் வெங்காயத் தறைதான். அப்பாவும் அதை எதிர்பார்த்து எனக்கென்று ஒரு மண்வெட்டிக்குப் பிடி போட்டு வைத்திருந்தார்.

கடிதத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: “பலகைகளின் இடுக்கில் என்ன அடைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க விரும்புகிறேன். கப்பலைக் கட்டியவர் யார் என்று அதுதான் சொல்லும். தயவுசெய்து யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளவும்.”

யார் தொடப்போகிறார்கள்? ஊரையே காவல் வைத்துவிட்டு அல்லவா வந்திருக்கிறேன் என்று நினைத்து, நிம்மதியாக மறுபக்கம் திரும்பிப் படுத்தேன்.

அவர் வந்த நாளில்தான் நானும் எழும்பி நடமாடினேன். வாடகைக் கார் ஒன்றில் நேரே கடற்கரைக்குப் போனோம். பேராசிரியைக்கு ஐம்பது வயதிருக்கும். பருத்திச் சேலை, கன்வஸ் சப்பாத்து, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் பல் வைத்தியர்கள் வைத்திருக்கும் மெல்லிய கொக்கிகள். வழியெல்லாம் நான் என் வரைபடத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கேட்டுக்கொண்டு வந்தார், அல்லது தூங்கினார்.

கப்பலைத் தென்னோலைக் கிடுகுகளால் மூடியிருந்தார்கள். ஊரே திரண்டு நின்றது. கிட்டப் போகும்போதே கோயில் வாசலில் நிற்பதுபோலக் குங்கிலிய வாசனை மூக்கில் ஏறியது. பேராசிரியை நின்று மணந்து பார்த்தார்.

“உது என்ன மணம், தம்பி?”

“கடற்காத்து, மிஸ்,” என்றேன். (செங்கண்மாரிக்காரனுக்கு நாக்குத்தான் கசக்கும், மூக்கு வேலை செய்யும். எனக்கு உள்ளூரப் பயம் பிடித்துவிட்டது.)

நாடகத் திரையை விலக்குவதுபோல நானே கிடுகை இழுத்தேன்.

கப்பல் பளபளத்தது. பலகை முழுக்க எண்ணெய் பூசி, கரும்பச்சையாக மின்னியது. ஆறு மாதம் நான் அளந்த இடுக்குகள் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் புது நார்த் தும்பு திணித்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி, வழித்து, மட்டம் பண்ணியிருந்தார்கள். விழுந்துபோன மர ஆணிகளுக்குப் பதிலாகப் புது ஆணிகள். முன்பக்கத்துப் பலகையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வரத்தம்பூ மாலையும் போட்டிருந்தார்கள்.

என் கால்கள் மணலுக்குள் போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன். போகவில்லை.

பேராசிரியை பலகையைத் தொட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “தம்பி, எத்தினை வருசத்துக் கப்பல் எண்டு எழுதியிருந்தனீர்?”

“முந்நூறு, மிஸ்.”

“போன கிழமை செய்தது மாதிரிக் கிடக்கு.”

தவராசா முன்னுக்கு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. “இல்லை ரீச்சர், அதுக்கு முதல் கிழமையே முடிச்சுப் போட்டம். பன்ரண்டு பேர், ஒம்பது நாள்.”

“ஆர் செய்யச் சொன்னது?”

ஊரே என் பக்கம் திரும்பியது. அவ்வளவு அன்பான கண்களை நான் அதற்குப் பிறகு என் கலியாண நாளில்தான் பார்த்தேன்.

“சேர்தான் சொன்னவர், ரீச்சர்! எங்கடை சொந்த வள்ளம் மாதிரிப் பாருங்கோ எண்டு மைக்கிலை சொன்னவர். எங்கடை வள்ளமெண்டால் வருசம் ஒருக்கால் கலப்பத்துப் பாக்காமல் விடுவமோ? பழசைத் தோண்டி எடுத்துப்போட்டு, புதுத் தும்பு அடிச்சு, எண்ணெய் போட்டால்தானே அது வள்ளம்? இல்லாட்டி அது விறகு. சேர் வருத்தமாய்க் கிடக்கிறாரெண்டு, அவருக்குச் சொல்லாமல் செய்து வைச்சனாங்கள். எழும்பி வந்து பாக்கேக்கை சந்தோசப்படட்டும் எண்டு.”

சந்தோசப்பட்டேன். அழுகை வராமல் இருப்பதற்காக அகலமாகச் சிரித்தேன்.

பேராசிரியை என்னிடம் திரும்பினார். “சரி. பழுது பாக்கிறதுக்கு முதல் இடுக்கிலை என்ன இருந்தது? நீர் ஆறு மாசம் பாத்தனீர்தானே. குறிப்பை எடும்.”

நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். இடுக்கு ஒன்று: அழுக்கு. இடுக்கு இரண்டு: அழுக்கு. இடுக்கு மூன்று: மேற்படி. பதினொரு இடுக்குக்கும் என் அழகான கையெழுத்தில் அதே சொல். எட்டாவது இடுக்குக்கு மட்டும் “கடும் அழுக்கு” என்று கொஞ்சம் விரிவாக எழுதியிருந்தேன்.

அவர் அந்தப் பக்கத்தை நிதானமாக வாசித்தார். புத்தகத்தை மூடி என் கையில் தந்தார். அப்பா பிடி போட்ட மண்வெட்டி கண்முன்னே வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து, பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து ஹெலி ஒன்றின் இரைச்சல். பேச்சுவார்த்தைக் காலம்தான், சுடமாட்டார்கள் என்றார்கள். ஆனாலும் சுற்றுவார்கள். அப்படிச் சுற்றும்போது வெளியில் நின்று பேச்சுவார்த்தையின் நிலைமையை நாங்கள் யாரும் பரீட்சித்துப் பார்ப்பதில்லை. சனம் பனைகளுக்குள் ஓடியது. நான், பேராசிரியை, தவராசா மூவரும் சரிந்து கிடந்த கப்பலின் கீழே தவழ்ந்து போய் மல்லாக்கக் கிடந்தோம். முந்நூறு வருடத்துப் பலகைகள் முகத்துக்கு ஒரு முழம் மேலே. எண்ணெய் சொட்டுச் சொட்டாக என் சேட்டில் விழுந்தது.

மேலே இரைச்சல். அந்த நிலையிலும் தவராசாவுக்கு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“பாத்தீங்களோ ரீச்சர்? வெளியிலை அந்த வெயில் எறிக்குது. உள்ளுக்கை ஒரு பொட்டு வெளிச்சம் வருதோ?”

பேராசிரியை மேலே பார்த்தார். உண்மைதான். ஒரு ஊசிமுனை வெளிச்சமும் இல்லை. அவர் சிரிக்கத் தொடங்கினார். ஹெலி போன பிறகும் மணலில் கிடந்தபடியே சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்ல வேலை, ஓடாவியார். மிச்சம் நல்ல வேலை. தோண்டி எடுத்த பழசை என்ன செய்தனீங்கள்? கடலிலை எறிஞ்சாச்சோ?” என்று கேட்டார்.

தவராசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன கதை கதைக்கிறியள் ரீச்சர்! அதை எறியிறதோ? வள்ளத்தின்ரை சொந்தக்காரர் வந்து பாக்கேக்கை, இந்தாருங்கோ, இந்த இடுக்குக்குள்ளையிருந்து இதுதான் வந்தது எண்டு காட்ட வேணுமெல்லோ. இல்லாட்டிச் சும்மா மேலாலை பூசிப்போட்டு ஏமாத்திப் போட்டான் எண்டுதான் சொல்லுவினம்.”

பேராசிரியை எழும்பி இருக்க முயன்று, பலகையில் தலையை இடித்துக்கொண்டார்.

தவராசாவின் வீட்டு விறாந்தையில் பதினொரு பனையோலைப் பாய்கள் விரித்துக் கிடந்தன. பாய்க்கு ஓர் இடுக்கு. ஒவ்வொரு பாயிலும், அந்த இடுக்கிலிருந்து எடுத்ததை எடுத்த ஒழுங்கிலேயே முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை நீளமாகக் கிடத்தியிருந்தார்கள். காற்றுக்குப் பறக்காமல் மேலே சிறு கற்கள். இடுக்கின் இலக்கத்தைக் கரியால் பாய் ஓரத்தில் எழுதியிருந்தார்கள். நான் படித்த படிப்போடு ஆறு மாதமாகச் செய்யாததை, தங்கள் தொழிலின் வழக்கப்படி அவர்கள் செய்து வைத்திருந்தார்கள்.

பேராசிரியை சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கொக்கியும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாகத் தரையில் குந்தினார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், எழும்பவில்லை. மேல் இடுக்குகளின் பாய்கள் எல்லாம் ஒரே மாதிரி, வெறும் தும்பு. கீழ் ஐந்து இடுக்குகளின் பாய்களில் மட்டும் இரண்டு விதம். அடி ஆழத்திலிருந்து வந்தது மாட்டு மயிரும் தாரும். அதற்கு மேலே தும்பு.

“மாட்டு மயிரும் தாரும் ஒல்லாந்தர் பக்கத்துக் கப்பல்களிலை கண்டிருக்கிறன்,” என்றார். “கட்டினது அந்தப் பக்கமாய் இருக்கலாம். உம்முடைய ஊகம் சரி, தம்பி.” நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “ஆனால் அதுக்கு உம்மட்டை ஒரு ஆதாரமும் இருக்கேல்லை,” என்றார். நெஞ்சு பழைய இடத்துக்கு வந்தது. “பேந்து ஆரோ பழசைத் தோண்டி, முழுக்கத் தும்படிச்சிருக்கினம். எந்தக் கரையிலை எண்டுதான் தெரியேல்லை. தும்பு எல்லா இடத்திலையும் இருக்கு.”

அதுவரை கதவு நிலையில் சாய்ந்து நின்ற பாக்கியம் அக்கா பேசினா. தவராசாவின் மூத்த சகோதரி. அந்த ஊரின் வள்ளங்களுக்கெல்லாம் தும்பு திரிப்பவ அவதான். புதுத் தும்பும் அவவின் கைவேலை.

“அது எங்கடை தும்பெல்லோ,” என்றா, நேரம் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

“என்னெண்டு சொல்லுறீங்கள்?”

“தெரியாதே? தென்னந்தும்போடை பனந்தும்பும் கலந்து கிடக்கு. தனித் தென்னந்தும்பு உப்புத் தண்ணியிலை கெதியாய் இளகிப் போடும் எண்டு நாங்கள் பனையும் சேக்கிறனாங்கள். இடப்பக்கமாய் முறுக்கி, சாணுக்கு ஒருக்கால் மடிச்சிருக்கு, பாருங்கோ.” உள்ளே போய்த் தான் திரித்த புதுத் தும்பில் மிச்சமிருந்ததைக் கொண்டுவந்து பாயில் பழையதற்குப் பக்கத்தில் வைத்தா.

பேராசிரியை கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எனக்கும் தந்தார். ஒன்று பொன்னிறம், மற்றது கரி நிறம். இரண்டிலும் கருமையான பனந்தும்பு இழை. இரண்டிலும் அதே இடப்பக்க முறுக்கு. சாணுக்கு ஒரு மடிப்பு. இரண்டுக்கும் இடையில் இரண்டு நூற்றாண்டு. எனக்கு மயிர் கூச்செறிந்தது, அது செங்கண்மாரியால் அல்ல.

அதாவது அந்தப் பெரிய கப்பல், எங்கேயோ கட்டப்பட்டு, எத்தனையோ கடல் கடந்து வந்து, ஒழுகத் தொடங்கியபோது இந்தக் கரையில் ஏறியிருக்கிறது. இங்குள்ள ஓடாவிகள் அதைப் பழுது பார்த்துத் திரும்பவும் கடலில் விட்டிருக்கிறார்கள். பிறகு எப்படியோ அது இங்கேயே வந்து மூழ்கியிருக்கிறது.

“இந்த ஊர் எண்டு நான் எழுதேலாது,” என்றார் பேராசிரியை, படித்தவர்களுக்குரிய எச்சரிக்கையோடு. “இந்தக் கரை எண்டு எழுதலாம்.”

“வேறை ஆர் ரீச்சர் செய்யிறது?” என்றார் தவராசா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப அந்தக் கப்பலுக்கு நாங்கள் செய்தது ரெண்டாவது தடவையோ?” என்று கேட்டார்.

“உங்கடை ஆக்கள் செய்தது ரெண்டாவது தடவை. ஓம்.”

அந்த மனிதர் வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வருடமாக இறங்க முடியாத கடல். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அதை மறைக்க, எல்லோருக்கும் சோடா உடைக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். அன்று அந்த விறாந்தையில் நின்ற அத்தனை பேரும் ஒரு சாண் உயர்ந்திருந்தோம். கப்பலே தெரியாத கோப்பாயான் நானும் சேர்த்துத்தான். இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. வெட்கமும் இருக்கிறது, ஆனால் பெருமைதான் கூட.

எனக்கு வேலை கிடைத்தது. பேராசிரியை எழுதிய அறிக்கையில் கப்பலின் வரலாறு மூன்று கட்டமாக இருந்தது. முதலாவது, கட்டியபோது அடைத்த மாட்டு மயிர். இரண்டாவது, இந்தக் கரையில் அடித்த தும்பு. மூன்றாவது, எண்பத்தைந்தில் நடந்த கலப்பத்து. “நடந்ததை மறைக்கிறது ஆராய்ச்சி இல்லை. பாக்கியத்தின்ரை தும்பு இல்லாட்டிப் பழசை நான் எதோடை ஒப்பிடுறது?” என்று சொல்லி, பன்னிரண்டு பேரின் பெயரையும், பாக்கியம் அக்காவின் பெயரையும் ஒன்று விடாமல் போட்டார். வேலையைச் செய்வித்தவர் யார் என்றும் எழுத வேண்டியிருந்தது. தவராசாவிடம் கேட்டிருக்கிறார். அவர் சொன்னபடியே, “கப்பலின் உரிமையாளர்” என்று என் பெயரையும், கோப்பாய் என்ற ஊரையும் அச்சடித்துவிட்டார்.

அடுத்த மாரியில் மணல் திரும்பி வந்து கப்பலை மூடிவிட்டது. ஆனால் அந்த ஒரு வரியை மூட எந்த மணலும் வரவில்லை. அப்பா அறிக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோப்பாய் முழுக்கக் காட்டினார். மண்வெட்டியைப் பற்றி அதன் பிறகு ஒரு கதையும் இல்லை. மாட்டுவண்டிகூடச் சொந்தமாக வைத்திருக்காத எங்கள் குடும்பத்துக்கு “கப்பற்காரர் வீடு” என்று பெயர் விழுந்தது. தபாற்காரர்கூட அப்படித்தான் விசாரித்து வருவார். பிறகு வந்த இடப்பெயர்வுகளில் வீடு போனது, சைக்கிள் போனது, பெயர் மட்டும் எங்களோடு கூடவே வந்தது.

போன வருடம் மகளுக்குச் சம்பந்தம் பேசி ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் தாயார் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார் போல. தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு, மெல்ல, மரியாதையாகக் கேட்டார்:

“நீங்கள் பரம்பரைக் கப்பற்காரர் எண்டு கேள்விப்பட்டனாங்கள். எத்தினை கப்பல் இருந்தது?”

நான் இருமினேன். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். என் மனைவி பலகாரத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் பதில் சொன்னா:

“ஒண்டுதான். ஆனா ஒழுகாது.”